தூரத்தை வேகத்தால் வகுத்தால் விமானப் பயண நேரம் ஏன் வருவதில்லை?

லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. வகுத்தால் ஆறேகால் மணி நேரம்கூட வரவில்லை. டிக்கெட்டில் போவதற்கு எட்டு மணி நேரம், திரும்புவதற்கு ஏழு என்று போட்டிருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வகுத்தலில் பிழை இல்லை. அந்த 900 என்பது விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வேகம். காற்றோ சும்மா நிற்பதில்லை. வட அட்லாண்டிக்குக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும். லண்டனுக்குத் திரும்பும் விமானம் ஆற்றோடு போகும் படகு. நியூயார்க் போவது எதிர்நீச்சல். 2020 பிப்ரவரியில், புயல் வீசிய ஓர் இரவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. என்ஜின் ஒன்றும் கூடுதலாக உழைக்கவில்லை, எல்லாம் காற்றின் உபயம்.

அடுத்தது, 5,540 என்ற எண்ணே உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம்தான். (தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்துவிடாதீர்கள். நியூயார்க்கும் மாட்ரிட்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருந்தாலும், இடையிலான குறுக்குவழி வடக்கே வளைந்துதான் போகிறது.) அந்த நூல் வழியே விமானம் அப்படியே பறப்பது அரிது. காற்று, புயல், மூடிய வான்வெளி என்று ஏதாவது ஒன்று ஒதுக்கிவிடும். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரம் வரை நீண்டது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

டிக்கெட் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, போய்ச்சேரும் ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். குத்துமதிப்பாகத் தெரிந்தால் போதும் என்றால், தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுவேன். 600 கி.மீ. பயணம் என்றால் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி வரும். நீண்ட கிழக்கு–மேற்குப் பயணங்களில் இந்தக் கணக்கை நம்ப மாட்டேன். அந்த வழித்தடத்தின் கால அட்டவணையைப் பார்த்துவிடுவேன். அதிலும் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். இரவு 8 மணிக்கு நியூயார்க்கை விட்டு, காலை 8 மணிக்கு லண்டன் சேர்ந்தால், இடையில் ஐந்து மணி நேர வித்தியாசம் போக, பயணம் ஏழு மணி நேரம்தான்.

ஒருமுறை இருக்கைத் திரையில் ‘இன்னும் 38 கி.மீ.’ என்று பார்த்ததும் காலணியை மாட்டிக்கொண்டேன். சற்று நேரத்தில் அது 45 ஆனது, பிறகு 52. கீழே ஓடுபாதை காலியாக இல்லாததால் வட்டமடித்துக்கொண்டிருந்தோம். காலணியை மறுபடியும் கழற்றிவிட்டேன்.