கார்டு தேய்ப்பது பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரொக்கத்திலிருந்து கார்டுக்கு மாறுவதில் என்ன சந்தேகம் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எங்கள் ஐயா காலத்தில் எல்லாம் ரொக்கம்தான். கண்ணால் பார்க்காத பணம் ஒரு பணமா?

உங்கள் ஐயாவோ அவருடைய அப்பச்சியோ ரங்கூனில் கடை வைத்திருந்தார்களா என்று வீட்டில் கேளுங்கள் தம்பி. வைத்திருந்தால் மூட்டை கட்டியா பணம் அனுப்பியிருப்பார்கள்? உண்டியல்தான். கோயில் உண்டியல் இல்லை, பணத்துக்குப் பதிலாக எழுதி அனுப்பும் சீட்டு. தர்சன உண்டியல் என்றால் காட்டியதும் பணம். தவணை உண்டியல் என்றால் நாள் கழித்துப் பணம். கிளைக்குப் புதிதாக வரும் பையன்களிடம் முதலாவது டெபிட் கார்டு, இரண்டாவது கிரெடிட் கார்டு என்பேன். அச்சாகப் பொருந்தாது, ஆனால் உடனே புரியும். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில்தான் கடை திறந்தார்கள். கண்ணால் பார்க்காத பணத்தில் பிழைத்த சீமை இது. அன்றைக்கு ஒவ்வொரு காசும் பேரேட்டில் ஏறியது. இன்றைக்குக் கார்டு தேய்த்ததை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

பலகாரக் கடை வைத்திருப்பவர்: கார்டு தேய்த்தால் 2 சதவீதம் சேர்த்து வாங்குகிறேன். சண்டைக்கு வருகிறார்கள்.

வரத்தான் செய்வார்கள். டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கக்கூடாது. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் உள்ள கடைக்கு, மெஷினில் டெபிட் கார்டு தேய்த்தால் வங்கி பிடிப்பது அதிகபட்சம் 0.40 சதவீதம், அதற்கு மேல் விற்றால் 0.90. இது 2018 ஜனவரியில் வந்த வரம்பு. ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரியிலிருந்து அதுவும் இல்லை. 500 ரூபாய்க்கு மணகோலமும் சீப்புச் சீடையும் வாங்கியவரால் உங்கள் கையைவிட்டுப் போவது, சின்னக் கடை என்றால், 2 ரூபாய். அவரிடம் 10 ரூபாய் கேட்கிறீர்கள்! கிரெடிட் கார்டுதான் கொஞ்சம் கடிக்கும். மெஷின் வாடகையும் தனி. வங்கியோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர், மகள் மூலம்: வீட்டில் நான் ஒருத்திதான். பென்ஷன் எடுக்க டிரைவரிடம் கார்டைக் கொடுத்துவிடுகிறேன். நல்ல பையன். தப்பா?

ஆச்சி, பையன் நல்லவனாகவே இருக்கட்டும். கவுண்டரில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களைப் போல ஒரு ஆச்சி, கார்டு உறையின் மேல் பின் நம்பரைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்திருந்தார். "தமிழ் எண்ணில்தான் எழுதியிருக்கேன், யாருக்கும் புரியாது" என்றார். ௧௯௪௨. கூட வந்த டிரைவர் வாசலில் நின்றபடியே சத்தமாகப் படித்தார்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஆச்சி பொறந்த வருஷம்."

விஷயம் இதுதான். உங்கள் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் வேறு யாரோ பணத்தை எடுத்துவிட்டால், 3 வேலை நாளுக்குள் வங்கியில் சொன்னால் நஷ்டம் உங்களுக்கு இல்லை. 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி அது. பின் நம்பரை நீங்களே கொடுத்திருந்தால், வங்கியில் சொல்லும் வரை போனதெல்லாம் உங்கள் தலையில்தான். டிரைவர் இல்லாமல் முடியாது என்றால் இன்னொரு சின்னக் கணக்கு தொடங்குங்கள். மாதச் செலவை மட்டும் அதில் போட்டு அந்தக் கார்டைக் கொடுங்கள். பென்ஷன் கணக்குக் கார்டு பெட்டகத்திலேயே இருக்கட்டும். குறுஞ்செய்தி உங்கள் போனுக்கே வர வேண்டும், டிரைவர் போனுக்கு அல்ல.

கல்லூரி மாணவி: கார்டு பைக்குள் இருக்கும்போதே மெஷினைக் காட்டி எடுத்துவிடுவார்களாமே?

தேய்க்காமல் மெஷினில் காட்டியே பணம் கொடுக்கும் வசதி உள்ள கார்டில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது என்பது உண்மை. ஆனால் மெஷின் கார்டுக்குச் சில சென்டிமீட்டர் கிட்டே வர வேண்டும், எடுத்த பணமும் ஒரு கடைக்காரர் கணக்கில்தான் விழும். திருடன் முகவரி கொடுத்துத் திருட மாட்டான். பயமாக இருந்தால் வங்கி ஆப்பில் அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: மெஷினில் "தோல்வி" என்று வந்தது, கணக்கில் பணம் போய்விட்டது. மறுபடி ரொக்கமும் கொடுத்தேன்.

சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 5 நாளுக்குள் பணம் தானே திரும்ப வர வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி தர வேண்டும். 2019 விதி.

பெயர் வேண்டாம் என்றவர்: கிரெடிட் கார்டில் 30,000 பாக்கி. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை 1,500 கட்டுகிறேன். கடன் குறையவே இல்லை.

குறையாது. மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பல கார்டுகளில் அதை ஒட்டித்தான் இருக்கும். 30,000-க்கு வட்டி 1,050. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 189. ஆக 1,239. நீங்கள் கட்டிய 1,500-இல் அசலுக்குப் போனது 261 ரூபாய். நம் ஊரில் யாராவது மூன்றரை வட்டிக்குப் பணம் வாங்கினால் "அவ்வளவு நெருக்கடியா?" என்று கேட்போம். இங்கே அதே வட்டி, பளபளப்பான அட்டையில் வருகிறது. அப்புறம், பழைய பாக்கி இருக்கும்போது புதிதாகத் தேய்த்தால் அதற்கும் அன்றைக்கே வட்டி ஓடும். கார்டை எடுத்து வைத்துவிட்டு, குறைந்த வட்டிக்கு நகைக் கடன் வாங்கியாவது மொத்தமாக அடைத்துவிடுங்கள்.

கல்யாண வீட்டுக்காரர்: மொய்க்குக் கார்டு மெஷின் வைக்கலாமா?

மெஷின் வியாபாரக் கணக்குக்குத்தான் கிடைக்கும். க்யூஆர் அட்டை ஒட்டலாம், ஒட்டவும் செய்கிறார்கள். சிக்கல் மொய் நோட்டில். போனில் "முத்தையா" என்று மட்டும் வரும். விலாசம் இல்லாமல், ஊர் இல்லாமல் எந்த முத்தையா என்று கண்டுபிடிப்பது? அட்டைக்குப் பக்கத்தில் நோட்டோடு ஒருவரை உட்கார வையுங்கள். என் மகள் கல்யாணத்தில் வந்த 501 ரூபாய் ஒன்று யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. திருப்பிச் செய்ய ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.