இது எந்தப் பந்து? – அனிமேஷன் கேள்வி பதில்

விஸ்காம் முடித்து, விருதுநகரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வயது 26. அம்மா அப்பாவைத் தனியே விட்டு வர முடியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கேரக்டர் அனிமேஷன் (பாத்திரங்களை அசைத்து நடிக்கவைக்கும் கலை) முதுகலையை ஆன்லைனில் படிக்கலாம் என்றிருக்கிறேன். வீட்டிலிருந்தபடி இதைக் கற்க முடியுமா? "பொம்மை ஆட்டவா இத்தனை லட்சம்?" என்கிறார் அப்பா.

கற்க முடியும். நானே அப்படிப் படித்தவள்தான். சாலிகிராமத்தில் இரண்டாவது மாடி வீடு. ஆசிரியர் கலிபோர்னியாவில். அவருக்கு இரவு ஏழு மணி, எனக்கு மறுநாள் காலை எட்டரை. வகுப்பை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு ஆபீஸ் ஓடுவேன். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் வகுப்பு நமக்கு ஏழரைக்கே தொடங்கிவிட்டது. எட்டரைக்கு நான் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் குட்நைட் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் கேள்வி நியாயமானது. பாடங்களுக்காக லட்சங்கள் கொடுக்கத் தேவையில்லை. டிஸ்னி ஓவியர்கள் 1930களில் பென்சிலும் தாளுமாகக் கண்டெடுத்த விதிகள்தான் இன்றும் அடிப்படை. அவற்றைக் கணினி அனிமேஷனில் எப்படிப் பயன்படுத்துவது என்று பிக்சாரின் ஜான் லாசெட்டர் 1987இலேயே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். எல்லாவற்றுக்கும் யூடியூபில் விளக்கம் கிடைக்கிறது. அப்படியானால் எதற்குப் பணம் கட்டுகிறோம்?

என் முதல் பயிற்சி, துள்ளும் பந்து. விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்), இரண்டு விநாடி, மொத்தம் 48 ஃபிரேம். பெருமையாக அனுப்பினேன். "இது எந்தப் பந்து?" என்று கேட்டார் ஆசிரியர். பந்து பந்துதானே! கிரிக்கெட் பந்தா, பலூனா, இரும்புக் குண்டா என்றார். பிறகு என் படத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டினார். உச்சியில் பந்தின் நிலைகள் நெருங்கி நெருங்கி இருக்க வேண்டும், தரையை நெருங்க நெருங்க இடைவெளி விரிய வேண்டும். நான் எல்லா இடத்திலும் ஒரே அளவு வைத்திருந்தேன். பந்துக்குக் கனமே இல்லை. ஏழு முறை திருத்தினேன். ஏழாவது முறை "டென்னிஸ் பந்து" என்றார். நான் மனதில் வைத்திருந்ததும் அதுதான்.

அந்தத் திருத்தத்துக்குத்தான் பணம். அதனால் சேருமுன் கல்லூரியிடம் பாடத்திட்டத்தைக் கேட்காதீர்கள், அது எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். என் ஷாட்டை யார் பார்ப்பார், அவர் இன்றும் ஸ்டூடியோவில் வேலை செய்கிறாரா, வாரம் எத்தனை முறை பார்ப்பார், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நழுவலாகப் பதில் வந்தால் பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது பருவத்தில் குடம் சுமந்து நடக்கும் பெண்ணைச் செய்தேன். "இடுப்பு உடைந்தமாதிரி இருக்கிறது, நேராக்கு" என்று குறிப்பு வந்தது. ஊருக்குப் போனபோது சித்தி தெருக்குழாயிலிருந்து தண்ணீர் எடுத்து வருவதை போனில் படம் பிடித்தேன். குடம் உட்கார இடுப்பு ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது, மேலுடம்பு மறுபக்கம் சாய்கிறது, சும்மா இருக்கும் கை காற்றில் விலகி ஆடுகிறது. வீடியோவைப் பார்த்த ஆசிரியர், "தப்பு என்னுடையது, இன்னும் கொஞ்சம் தள்ளு" என்றார். விருதுநகரில் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள்.

அனிமேஷன் மென்பொருளில் மாயாவா, பிளெண்டரா? எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது? – ஒரு மாணவி, ஈரோடு

முப்பரிமாண அனிமேஷன் ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் மாயாதான். மாணவர் உரிமம் ஓராண்டுக்கு இலவசம், படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். பிளெண்டர் எப்போதுமே இலவசம். பழக அது போதும். ரெண்டரிங் (காட்சியைக் கணினியில் இறுதிப் படமாக்குவது) செய்கிறவர்களைப் போல விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு நமக்கு வேண்டாம். பாத்திரம் திக்காமல் 24 ஃபிரேமில் ஓடினால் சரி. 16 ஜிபி ராம், முடிந்தால் 32. அப்புறம் ஒரு யூபிஎஸ். அதை மறந்துவிட்டு அழுதவள் சொல்கிறேன்.

ஆன்லைன் முதுகலைப் பட்டம் இங்கே செல்லுமா? – ஒரு வாசகர், கோவை

எதற்குச் செல்ல வேண்டும்? ஸ்டூடியோ வேலைக்கு என்றால் என்னிடம் இதுவரை யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. டெமோ ரீல்தான் (நம் ஷாட்டுகளைத் தொகுத்த மாதிரி வீடியோ) கேட்டார்கள். ஒரு நிமிடம், அதில் முதல் ஷாட் உங்கள் ஆகச்சிறந்த ஷாட். சுமாரான ஒன்றைச் சேர்ப்பதைவிட நீளம் குறைவதே மேல்.

கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆகும் எண்ணமிருந்தால் கதை வேறு. முதுகலையில் பொதுவாக 55 சதவீதம், கூடவே நெட், செட் போன்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி அல்லது பிஎச்.டி. வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகம் என்றால், அந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்த அதற்கு அனுமதி உண்டா என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பாருங்கள். வெளிநாட்டு ஆன்லைன் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்னும் சமநிலைச் சான்று தானாகக் கிடைத்துவிடாது. பணம் கட்டுமுன் விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மகன் இதைப் படிக்க வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா? – ஒரு தகப்பனார், திருச்சி

வேண்டாம் ஐயா. ஏஐ வருகிறது என்று பயமுறுத்தவில்லை, இந்தத் தொழிலின் சுபாவமே அப்படி. 2013இல் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. அந்தக் காட்சிகளைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் அதற்குச் சில நாள் முன்புதான் திவால் மனு போட்டிருந்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் சரிந்தபோது பெங்களூருவில் எத்தனையோ பேர் திடீரென்று வேலை இழந்தார்கள். திறமை இல்லாததாலா? இல்லை. பையன் ஆறு மாதம் பிளெண்டரில் பழகட்டும். ஒரே பந்தை ஏழு முறை திருத்தும் பொறுமை இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். இருந்தால், வேலை பார்த்துக்கொண்டே பருவத்துக்குப் பருவம் பணம் கட்டிப் படிக்க வழி தேடுங்கள்.

எனக்கு நடிக்க வராது, கூச்சம். கேரக்டர் அனிமேஷனுக்கு லாயக்கா? – ஒரு வாசகி, நாகர்கோவில்

மேடையில் நடிக்க வேண்டாம், கேமரா முன் நடித்தே ஆக வேண்டும். எந்த ஷாட்டுக்கும் முதலில் நாமே நடித்துப் படம் பிடித்து, அதைப் பார்த்துத்தான் பாத்திரத்தை அசைப்போம். ஒருநாள் மொட்டை மாடியில் போனை நிறுத்திவைத்து, தந்தியைப் பிரித்துப் படித்து அழும் ஆளாக நடித்துக்கொண்டிருந்தேன். பதினோராவது டேக். துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு மாமி பதறிப்போய், ஈரக் கையை முந்தானையில் அவசரமாக ஒருமுறை, பிறகு மெதுவாக ஒருமுறை துடைத்துக்கொண்டு, என் தோளைத் தொட்டார். அதெல்லாம் போனில் பதிவாகியிருந்தது. என் அழுகையை ஆசிரியர் கண்டுகொள்ளவே இல்லை. "யார் அந்த அம்மா? அடுத்த ஷாட்டுக்கு அவர் கையைச் செய்" என்றார்.