வாசகர் கேள்வி: சுற்றுலாப் பணம் எங்கே தங்குகிறது?

கேள்வி: சுற்றுலாவை வளர்த்தால் ஏழை நாடுகள் முன்னேறிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். வருகிற பணமெல்லாம் வந்த வழியே திரும்பிவிடுகிறது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தூத்துக்குடிக்காரர் கேட்பதால், உங்கள் துறைமுகத்துக்குப் பழக்கப்பட்ட மாலத்தீவையே எடுத்துக்கொள்வோம். 1972-இல் குரும்பா என்ற முதல் விடுதித்தீவு திறக்கப்பட்டபோது, அந்நாடு பெரும்பாலும் மீனையும் மாசிக் கருவாட்டையும் நம்பியே பிழைத்துக்கொண்டிருந்தது. ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து அதனை விடுவிக்கும் முடிவு 2004 டிசம்பரில் எடுக்கப்பட்டது. ஆறே நாளில் ஆழிப்பேரலை தாக்கியதால் தள்ளிப்போன அந்த விடுதலை 2011 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்த உயர்வில் சுற்றுலாவுக்கு இருந்த பங்கை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இரண்டாம் தரப்பார் சொல்வதும் வெறும் பொறாமைப் பேச்சல்ல. ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்பதே அங்கு நெடுங்காலம் நடைமுறை. விமானத்திலிருந்து இறங்கும் பயணி நேரே விசைப்படகிலோ கடல் விமானத்திலோ ஏறி, மாலத்தீவு மக்கள் எவரும் குடியிருக்காத ஒரு தீவுக்குப் போய்ச் சேர்வார். அங்கே அவர் உண்ணும் அரிசி, காய்கறி, முட்டை, இறைச்சி முதல் படுக்கும் கட்டில் வரை ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வந்தவை. உங்கள் ஊரிலிருந்து போகும் காய்கறியும் அவற்றுள் அடக்கம். பரிமாறுபவரும் பல இடங்களில் வங்கதேசத்தவராகவோ இந்தியராகவோ இருப்பார். உள்ளூர்ப் பெண்கள் மிகக் குறைவு. பயணி கொடுத்த டாலர், தீவைத் தொட்டுவிட்டு மீண்டும் கடல் கடப்பதைப் பொருளியலாளர்கள் ‘கசிவு’ என்பார்கள்.

கசிவை முழுதாக அடைக்க முடியாது. பவளத்திட்டில் நெல் விளையாது. அரசு செய்யக்கூடியது, பணம் வெளியேறும் முன் தன் பங்கை எடுத்துக்கொள்வது. தீவுகளுக்கான குத்தகைப் பணம் ஒருபுறமிருக்க, 2011-இல் 3.5 விழுக்காடாகத் தொடங்கிய சுற்றுலா வரி 2023-இல் 16 விழுக்காடாகவும், 2025 ஜூலையில் 17 ஆகவும் உயர்ந்திருக்கிறது. அதைவிட முக்கியமானதாக எனக்குத் தோன்றுவது, மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்தலாம் என்று 2009-ஐ ஒட்டி வந்த அனுமதிதான். சிறைச்சாலைக்காகவே அறியப்பட்டிருந்த மாஃபுஷி தீவில் இன்று தெருவுக்குத் தெரு தங்கும் விடுதிகள். மதுவுக்கு அங்கே தடை உண்டு. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. படகுக்காரரும் தேநீர்க்கடைக்காரரும் பயணியின் கையிலிருந்து நேரடியாகக் காசு வாங்குவது இங்கேதான்.

கேள்வி: அப்படியானால் மற்ற ஏழை நாடுகளும் இதே வழியில் போகலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். வெளிநாட்டவரையும் சேர்த்துச் சுமார் 5 லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு 2024-இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் இந்தக் கணக்குச் செல்லாது. மேலும், கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் எல்லையை மூடி ஜூலையில்தான் திறந்த மாலத்தீவின் பொருளாதாரம் அந்த ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. விடுதிகள் வெறிச்சோடிய அந்த மாதங்களில் அந்நாட்டுக்குக் கைகொடுக்க, பழைய மீன்பிடிப்பைத் தவிரப் பெரிதாக வேறொன்றும் இருக்கவில்லை.