டாக்டர் ஹூ தொடரின் 1963 எபிசோடுகளை இப்போது உட்கார்ந்து பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். 2005-இல் தொடங்கிய புதிய தொடரைப் பார்த்து முடித்துவிட்டேன், அறுபது வருடப் பழைய கறுப்பு வெள்ளையில் எனக்கென்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் 13 எபிசோடுகளை மட்டுமாவது வரிசை மாற்றாமல் பாருங்கள். காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் இந்தத் தொடரின் நாயகன், நமக்குத் தெரிந்த டாக்டர், அதில் ஆரம்பத்தில் இல்லை. அவர் கொஞ்சம் கொஞ்சமாக உருவாவதை அந்த 13-இல் கண்ணெதிரே பார்க்கலாம்.

நானும் புதிய தொடரில் டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட் வழியாக உள்ளே வந்தவன்தான். யாருக்காவது ஆபத்து என்றால் முதல் ஆளாக ஓடி நிற்பவர்தான் என் மனதில் டாக்டர். 1963-இல் வில்லியம் ஹார்ட்னெல் நடித்தவர் அப்படி இல்லை. சிடுமூஞ்சி, சந்தேகப் பேர்வழி, தன் பேத்தி சூசனைத் தவிர உலகத்தில் யாரைப் பற்றியும் கவலை இல்லாத கிழவர். லண்டனில் ஒரு பள்ளியின் வரலாற்று டீச்சர் பார்பராவும் அறிவியல் ஆசிரியர் இயனும், தங்கள் மாணவி சூசனின் போக்கு புரியாமல், அவள் கொடுத்த முகவரியைத் தேடி வருகிறார்கள். அங்கே இருப்பது பழைய சாமான் போட்டுவைக்கும் ஒரு கிடங்கு. நடுவில் ஒரு போலீஸ் பெட்டி, அதாவது போலீஸை அழைக்கத் தெருவில் வைக்கும் தொலைபேசிப் பெட்டி. உண்மையில் அதுதான் டாக்டரின் கால இயந்திரம், பெயர் டார்டிஸ். உள்ளே நுழைந்துவிட்ட இருவரையும் வெளியே விட்டால் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று டாக்டர் டார்டிஸைக் கிளப்பிவிடுகிறார். அதாவது, இந்தத் தொடரின் முதல் பயணமே ஓர் ஆள் கடத்தல்.

முதல் எபிசோட் 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் வந்தது. அதற்கு முந்தைய நாள்தான் கென்னடி சுடப்பட்டார். அந்தப் பரபரப்பில் பலர் பார்க்காமல் விட்டிருப்பார்கள் என்று அடுத்த சனிக்கிழமை இரண்டாம் எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடை மறுபடியும் போட்டார்கள். அதை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பெர்ட், வயது 27. பிபிசியின் நாடகப் பிரிவில் ஒரு பெண், அதுவும் அந்த வயதில், தயாரிப்பாளராக உட்கார்ந்ததை அன்று பலரும் ரசிக்கவில்லை. பலரும் நம்பிக்கை வைக்காத வேலையை இரண்டு இளைஞர்கள் எடுத்துச் செய்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

அந்த எபிசோடை இரண்டு தடவை எடுத்தார்கள். முதலில் எடுத்த பதிப்பில் டாக்டர் இன்னும் கடுகடுப்பாக இருக்கிறார். நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன் அது சரிவரவில்லை, திரும்ப எடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பழைய பதிப்பும் இருக்கிறது, கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வகுப்பில் சூசன் பிரிட்டிஷ் நாணயத்தைத் தசம முறை என்று நினைத்துக்கொண்டு, பிறகு அது இன்னும் வரவில்லை என்று சமாளிக்கும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டன் தசம நாணயத்துக்கு உண்மையிலேயே மாறியது 1971-இல்.

அடுத்த மூன்று எபிசோடுகள் கற்கால மனிதர்கள், யார் தீ மூட்டுவது என்ற சண்டை. இழுவைதான், மறைக்கவில்லை. ஆனால் தாண்டிப் போய்விடாதீர்கள், மூன்றாம் எபிசோடில் ஒரு காட்சி இருக்கிறது. காட்டுக்குள் தப்பி ஓடும்போது, துரத்தி வந்த ஒருவனை மிருகம் தாக்கிவிடுகிறது. பார்பராவும் இயனும் அவனுக்குக் காயத்தைக் கழுவிக் கட்டுப்போட நிற்கிறார்கள். டாக்டருக்கு நேரம் வீணாகிறதே என்ற எரிச்சல். கூரான ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அடிபட்டவன் பக்கத்தில் குனிகிறார். இயன் அவர் கையைப் பிடித்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். டார்டிஸுக்குப் போகும் வழியை மண்ணில் வரையச் சொல்லப்போனேன் என்கிறார் டாக்டர். அந்தப் பதிலை இயனும் நம்பவில்லை, நாமும் நம்பவில்லை.

பிறகு ஏழு எபிசோடுகளுக்கு டாலெக்குகள், உலோகக் கூட்டுக்குள் வாழும் கொடூரமான உயிரினங்கள். டெர்ரி நேஷன் எழுதியது, டாலெக்கின் உருவத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் குசிக். முதல் பகுதியின் கடைசியில் பார்பரா ஒரு தாழ்வாரத்தில் தனியாக மாட்டிக்கொள்கிறார். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அலறுகிறார். டாலெக் முழுசாக வருவதே இல்லை, அவரை நோக்கி நீளும் ஒரு கை மட்டும்தான் திரையில் தெரிகிறது. அதோடு எபிசோட் முடிந்துவிடும். அன்றைய பிள்ளைகள் மிச்சத்தைப் பார்க்க ஒரு வாரம் காத்திருந்தார்கள்! இங்கேயும் எல்லாருடைய உயிருக்கும் உலை வைப்பவர் டாக்டர்தான். டாலெக்குகளின் நகரத்தைச் சுற்றிப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசையில், டார்டிஸில் பாதரசம் தீர்ந்துவிட்டது, அங்கே போனால் கிடைக்கும் என்று பொய் சொல்கிறார். அந்தப் பொய்யால் நாலு பேருக்கும் கதிர்வீச்சு நோய்.

எல்லாம் போய்ச் சேருகிற இடம் 12, 13-ஆம் எபிசோடுகள். பிபிசி முதலில் 13 எபிசோடுகளுக்குத்தான் ஒப்புக்கொண்டிருந்தது. கணக்கு நிறைய இரண்டு தேவைப்பட்டது, புது செட்டுக்கும் புது நடிகர்களுக்கும் பணம் இல்லை. அதனால் கதை முழுவதும் டார்டிஸுக்குள்ளேயே, நான்கே பேரோடு. டார்டிஸ் முடங்கிவிட, டாக்டர் நேராக இரண்டு ஆசிரியர்கள் மேலும் பழியைப் போடுகிறார், நீங்கள்தான் ஏதோ செய்துவிட்டீர்கள் என்று. பார்பரா வெடிக்கிறார். குகையில் இயன் தீ மூட்டாவிட்டால் நீங்கள் செத்திருப்பீர்கள், டாலெக்குகளிடம் நாங்கள் பட்டபாடு உங்களுக்காகவும்தான், எங்கள் காலில் விழுந்து நன்றி சொல்ல வேண்டியவர் நீங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். ஜாக்குலின் ஹில் நடித்த அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த 13-ஐயும் பார்க்கலாம். கடைசியில் புதிரை அவிழ்ப்பதும் பார்பராதான். கோளாறு என்னவென்றால் ஒரு சுவிட்சின் ஸ்பிரிங் சிக்கிக்கொண்டது. அந்த சுவிட்சுக்கு மேல் அதன் பெயரைக் கையால் எழுதி வைத்திருப்பதுகூடத் திரையில் தெரியும். அதன் பிறகு டாக்டர் பார்பராவிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு என்கிறார். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த டாக்டரை நாம் முதன்முதலில் பார்ப்பது அங்கேதான். அவரை மனிதராக்கியது ஒரு டீச்சர்.

இன்னொன்று. டாக்டரின் இனத்துக்குப் பின்னால் வைத்த பெயரான டைம் லார்ட் என்ற பேச்சே அப்போது கிடையாது, அது 1969-இல்தான் வருகிறது. ஒரு டாக்டர் உருமாறி, வேறு நடிகர் நடிக்கும் இன்னொரு டாக்டராக ஆவது 1966-இல். இவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று எழுதியவர்களுக்கே தெரியாத காலம் இது. பின்னால் தெரிந்ததையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பாருங்கள், அந்த மர்மம் வேலை செய்யும்.

தொழில்நுட்பக் குறைகள் உண்டு. படத்தொகுப்புக்கு அன்று செலவு அதிகம் என்பதால் மேடை நாடகம் மாதிரி தொடர்ச்சியாக நடித்தே பதிவு செய்தார்கள். ஹார்ட்னெல் வசனத்தில் தடுமாறினால் அதுவும் அப்படியே இருக்கும். ஆனால் ஒலியைக் கவனியுங்கள். ரான் கிரெய்னர் எழுதிக்கொடுத்த முகப்பு இசையை சின்தசைஸர் இல்லாத அந்தக் காலத்தில் ஒவ்வொரு சுரமாக நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டி உருவாக்கியவர் டெலியா டெர்பிஷர். அவர் பெயர் முதன்முதலாகத் திரையில் வந்தது 2013-இல், அவர் இறந்து பல வருடங்கள் கழித்து. இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். டார்டிஸ் கிளம்பும் அந்த இரைச்சலை பிரையன் ஹாட்ஜ்சன் பழைய பியானோ ஒன்றின் கம்பிகளில் வீட்டுச் சாவியை இழுத்து உண்டாக்கினார்.

13 முடிந்ததும் அடுத்தது மார்க்கோ போலோ கதை, ஏழு எபிசோடுகள். அதில் ஒன்றுகூடப் படமாக மிஞ்சவில்லை, பிபிசி நாடாக்களை அழித்துவிட்டது. ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்த ஒலியும் சில புகைப்படங்களும்தான் இருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவர் அதைத் தாண்டி, முழுதாகக் கிடைக்கும், பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களிடையே நடக்கும் கதைக்குப் போகலாம். பார்பராவை அங்கே தெய்வமாக நினைத்துவிடுகிறார்கள். அவர் நரபலியை நிறுத்தப் பார்க்க, வரலாற்றில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்று டாக்டர் தடுக்கும் வாக்குவாதம் பிரமாதமானது.

2023-இல் டாலெக் கதைக்கு வண்ணம் பூசி 75 நிமிடமாகச் சுருக்கிப் போட்டார்கள். அதை முதலில் பார்க்காதீர்கள். வெட்டப்பட்டது பெரும்பாலும் அந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதும் பழகுவதும்தான், அதற்காகத்தானே போகிறோம். கறுப்பு வெள்ளையில், ஒரு நாளைக்கு ஓர் எபிசோட் என்று பாருங்கள். ஒரே மூச்சில் பார்ப்பதற்காக எடுக்கப்பட்டவை அல்ல அவை.