பதில்: சாயம் போடும் கையில் ஆறாத வெடிப்பு

வணக்கம் சகோதரி. சலூனில் தலைச்சாயம் போடும் வேலை, 2 வருடமாகக் கை வெடிப்பு, ஸ்டீராய்டு களிம்பு தடவினால் ஆறுகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இதே கைதான், அந்த எரிச்சல் தெரியும்.

3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட கை எக்ஸிமா (தோல் அழற்சி) என்பார்கள். தொற்று இல்லை, குழந்தையைத் தயங்காமல் தூக்குங்கள்.

களிம்பை மாற்றும் முன் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் ஒவ்வாமைக்குப் பேர்போனது. காரணம் அதுவென்றால், அதைத் தொடுவதை நிறுத்தும்வரை எந்த மருந்தின் பலனும் நிலைக்காது. நைட்ரைல் கையுறை போடுங்கள். கை கழுவியதும் ஈரம் ஒற்றி வாசலின் தடவுங்கள்.

ஸ்டீராய்டை மருந்துக்கடையில் நீங்களே வாங்கி மாதக்கணக்கில் தடவ வேண்டாம், தோல் மெலிந்துவிடும். ஸ்டீராய்டுக்கு எக்ஸிமா அடங்காதவர்களுக்கு டெல்கோசிட்டினிப் என்ற ஸ்டீராய்டு இல்லாத களிம்பு வந்திருக்கிறது. அழற்சியைத் தூண்டும் ஜேஏகே நொதிகளைத் தடுக்கும். தினம் 2 வேளை தடவ வேண்டும். ஐரோப்பாவில் 2024இலும் அமெரிக்காவில் 2025இலும் அனுமதி கிடைத்தது. உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.