உலகப்பட மாலைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து சனிக்கிழமைதோறும் ஓர் உலகப் படம் திரையிட்டு வருகிறோம். வாரம் ஒரு நாடு என்பது திட்டம். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ படத்தில் தொடங்கினோம். அப்புறம் சுவீடனின் பெர்க்மன், பிரான்ஸின் பிரெஸ்ஸோன் என்று போனது. முதல் வாரம் கூடம் நிறைந்திருந்தது. இப்போது நாங்கள் நால்வரும், தப்பித் தவறி வரும் ஓரிருவரும்தான். படத்துக்கு முன் இயக்குநரைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறோம். முடிந்ததும் கலந்துரையாடல் என்றால் எல்லோரும் வாசலைப் பார்க்கிறார்கள். நல்ல படம் யாருக்கும் பிடிக்காதா? பேசாமல் ஜனரஞ்சகமான படங்களுக்கு மாறிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

முதல் நாளே ‘ஸ்டாக்க’ரா! இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், அதற்கு முன்னால் அரைமணி நேர உரை வேறு. அதற்கு அப்புறமும் நான்கு பேர் மிஞ்சியிருக்கிறீர்கள் என்பதே பெரிய விஷயம்.

வந்தவர்களின் ரசனையைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு ‘வாரம் ஒரு நாடு’ என்பதில் இருக்கிறது. ஒருவர் கதை சொல்லும் விதத்துக்குக் கண் பழகத் தொடங்கும்போதே அவரை அனுப்பிவிட்டு அடுத்தவரை அழைத்து வந்துவிடுகிறீர்கள். பார்ப்பவருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் சனிக்கிழமைதான். ஓர் இயக்குநரைக் குறைந்தது மூன்று வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரானிய இயக்குநர் கியரொஸ்தமியில் தொடங்கலாம். ‘வேர் இஸ் தி ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்?’ (1987) ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்ட நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஒரு பையன் பக்கத்துக் கிராமத்தில் நண்பனின் வீட்டைத் தேடி அலைகிறான், அவ்வளவுதான் கதை. 1990இல் அந்தப் பகுதியைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. அந்தச் சிறுவர்கள் பிழைத்தார்களா என்று ஓர் இயக்குநர் காரில் தேடிப்போவதுதான் அடுத்த படம், ‘அண்ட் லைஃப் கோஸ் ஆன்’ (1992). அதில் வரும் ஒரு சின்னக் காட்சியைப் படமாக்கிய கதைதான் ‘த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்’ (1994). மூன்றாவது வாரம் யாருக்கும் முன்னுரை தேவைப்படாது. முதல் இரண்டு வாரமும் வராதவருக்குப் பக்கத்தில் இருப்பவரே விளக்கிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்புறம் ஜப்பானிய இயக்குநர் ஓசு. ‘லேட் ஸ்பிரிங்’ (1949), ‘எர்லி சம்மர்’ (1951), ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953). இந்த வரிசையிலேயே போடுங்கள். மூன்றிலும் செட்சுகோ ஹரா நடிக்கும் பாத்திரத்தின் பெயர் நோரிகோ. ஆனால் மூவரும் வேறு வேறு பெண்கள். மூன்றிலும் நடிகர் சிஷு ர்யூ இருக்கிறார்: முதலில் அவளுடைய அப்பா, அடுத்து அண்ணன், கடைசியில் மாமனார். முதல் வாரம் மகளாகப் பார்த்தவளை மூன்றாவது வாரம் விதவை மருமகளாகப் பார்க்கும்போது, முந்தைய இரண்டு படங்களும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கேமரா தரையை ஒட்டித் தாழ்வாக இருப்பதையும், அபூர்வமாகத்தான் நகர்வதையும் நீங்கள் சொல்லவே வேண்டாம். இரண்டாவது வாரத்திலேயே யாராவது கேட்பார்கள். அப்போது பேசினால் போதும்.

அந்த அரைமணி நேர உரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஊர், ஆண்டு, இயக்குநர் பெயர், இரண்டே நிமிடம். தெரிந்ததையெல்லாம் முதலிலேயே கொட்டிவிட்டால் படம் உங்கள் உரைக்கு உதாரணமாகிவிடும்.

கலந்துரையாடல் என்ற பெயரும் வேண்டாம். ‘இந்தப் படம் என்ன சொல்ல வருகிறது?’ என்று கேட்டால் நானும் வாசலைத்தான் பார்ப்பேன். ‘லேட் ஸ்பிரிங்’ முடிவில், மகளுக்குத் திருமணம் செய்துவைத்துவிட்டு வீடு திரும்பும் அப்பா தனியாக உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவுகிறார். தோல் நீளமாகச் சுருண்டு இறங்குகிறது; கை நின்று, தலை தாழ்கிறது. அவர் அழுகிறாரா, இல்லையா? இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். அழுகிறார் என்று ஒருவர் சொல்வார், இல்லவே இல்லை என்பார் இன்னொருவர். உங்களுக்குப் பேச வாய்ப்பே கிடைக்காது.

சில்லறை விஷயங்கள். சப்டைட்டிலை முந்தின நாளே ஓட்டிச் சரிபாருங்கள். வசனத்துக்கு இரண்டு நொடி பிந்தி வரும் எழுத்து எந்த மேதையையும் கொன்றுவிடும். நண்பர்களைத் தாண்டிப் பொதுவில் அறிவித்துத் திரையிடுவதாக இருந்தால் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும். டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கியிருப்பது அதற்குப் போதாது.

ஜனரஞ்சகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு எங்கே போக வேண்டும்? குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) ஜப்பானில் கூட்டம் கூட்டமாகப் பார்த்த படம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும் ஒருவர் எழுந்து போகமாட்டார். உலகப் படம் என்றாலே மெதுவாக நகர வேண்டும் என்று யார் சொன்னது? அது நம் திரைப்படக் கழகங்கள் கட்டிவிட்ட கதை.

தார்க்கோவ்ஸ்கியையும் கைவிட வேண்டாம். ‘இவான்ஸ் சைல்ட்ஹுட்’ (1962) ஒன்றரை மணி நேரப் படம்தான், கதையும் எளிதில் பிடிபடும். அடுத்து ‘மிரர்’. அதற்கடுத்த வாரம் ‘ஸ்டாக்கர்’. அன்று மட்டும் சற்று சீக்கிரமே ஆரம்பித்துவிடுங்கள்.