பாராளுமன்றத்தின் உட்கிடை அதிகாரங்கள்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மாங்குளம் மாணவர்: உட்கிடை அதிகாரம், அதாவது யாப்பில் எழுதப்படாத அதிகாரம், சட்டமன்றத்துக்கு எங்கிருந்து வருகிறது, சேர்?

பதில்: எழுதப்பட்ட அதிகாரத்திலிருந்துதான் வருகிறது, தம்பி. ஐக்கிய அமெரிக்க யாப்பின் முதலாம் உறுப்புரை, 8ஆம் பிரிவு காங்கிரஸின் அதிகாரங்களை வரிசைப்படுத்துகிறது; வங்கி தொடங்கலாம் என்று அதில் இல்லை. ஆயினும் காங்கிரஸ் 1816இல் வங்கியொன்றை நிறுவியது. அதன் பால்டிமோர் கிளைக்கு மேரிலாந்து வரி விதிக்க, காசாளர் மக்கலக் செலுத்த மறுத்தார். 1819இல் தீர்ப்பளித்த பிரதம நீதியரசர் மார்ஷல், வரி அறவிடவும் கடன் பெறவும் படை பேணவும் அதிகாரமுள்ள சபைக்கு அவற்றுக்குத் தகுந்த வழியைத் தெரிவுசெய்யும் அதிகாரமும் உண்டு என்றார். தேவையான, தகுந்த சட்டங்களை ஆக்கலாம் என்ற வாசகம், தடைகளைக் கூறும் 9ஆம் பிரிவில் அன்றி, அதிகாரங்களைக் கூறும் 8ஆம் பிரிவில் நிற்பதையும் சுட்டினார். நோக்கம் யாப்புக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு விடை எழுதாதீர்கள்.

கிளிநொச்சி வாசகர்: சாட்சிகளை அழைத்து விசாரிப்பதும் இவ்வகையா?

பதில்: அமெரிக்காவில் ஆம், 1927இல் அவ்வாறே தீர்ப்பானது. இலங்கையில் 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற தத்துவங்கள், சிறப்புரிமைகள் சட்டத்தைப் பாருங்கள்.

நெடுங்கேணி ஆசிரியர்: நமது யாப்பில் மத்திய அரசுக்கு ஒதுக்கிய விடயங்களின் நிரலில் முதல் உருப்படியே எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை. அப்படியாயின் கொழும்பு எதையும் எடுத்துக்கொள்ளலாமே?

புதுக்குடியிருப்பு வாசகர்: பாராளுமன்றத்துக்குச் சட்டமாக்கும் அதிகாரம் தரும் 75ஆம் உறுப்புரை இருக்கையில் கொழும்புக்கு அந்த உருப்படியும் தேவையா?

பதில்: இருவரும் பாதி சொல்கிறீர்கள். 75ஆம் உறுப்புரை முழுச் சட்டவாக்க அதிகாரத்தைத் தருவதால் நமது பாராளுமன்றம் உட்கிடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் முறையைக் கட்டுகிறது: மாகாண சபை நிரலிலுள்ள விடயம்பற்றிய சட்டமூலத்தை ஒவ்வொரு சபைக்கும் அனுப்ப வேண்டும், ஒரு சபை மறுத்தாலும் மூன்றிலிரண்டு பெரும்பான்மை தேவை. 2012இல், வறுமை ஒழிப்புக்கென வந்த திவிநெகும சட்டமூலத்துக்கு நேர்ந்தது இதுவே. தேசியக் கொள்கை வகுக்கும் அதிகாரத்துக்குள் அதை நிறைவேற்றும் அதிகாரமும் அடங்கும் என்று வாசித்தால், அந்த நடைமுறைக்கு வேலையே இராது. நெடுங்கேணி ஆசிரியர் நிரலை மட்டும் வாசித்திருக்கிறார். அந்த நடைமுறையைக் கூறும் உறுப்புரையையும் முழுதாக வாசியுங்கள்.

வவுனியா வாசகர்: மாகாண சபை இல்லாதபோது அதற்குப் பதிலாக ஆளுநர் சட்டமூலத்துக்குச் சம்மதம் சொல்லலாமா?

பதில்: முடியாது. அதே திவிநெகும சட்டமூலத்தில், அப்போது சபை இல்லாதிருந்த வடமாகாணம் பற்றி உயர் நீதிமன்றம் இவ்வாறே கூறியது. இக்கேள்வி வேறு பெயர்களிலும் வந்துள்ளது; எல்லோருக்கும் இதுவே பதில்.

முள்ளியவளை வாசகர்: எங்கள் காணியை வனத் திணைக்களம் எல்லைக்கல் போட்டு…

பதில்: அம்மா, அது இந்தப் பகுதிக்கு உரியதன்று. அனுமதிப்பத்திரத்தின் பிரதியுடன் பிரதேச செயலகக் காணி உத்தியோகத்தரையும், பின்னர் சட்ட உதவி ஆணைக்குழுவையும் அணுகுங்கள்.